மூன்று பேர் கண்ணைப் பார்த்துவிட்டு அக்கா எழுதுவது

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நானும் உன் அத்தானும் இங்கே சௌக்கியம் என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டால் மீதிக் கடிதத்தோடு அது ஒட்டாது. அதனால் அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் நீ "சரிக்கா, சரிக்கா" என்று சொல்லிக்கொண்டே வேறு வேலை பார்ப்பாய். கடிதம் என்றால் கையில் பிடித்துத்தானே ஆக வேண்டும்.

உன் இரண்டு கண்ணிலும் அழுத்தம் ஏறிப் போயிருக்கிறது, சொட்டு மருந்துக்கு இனி அடங்காது, மூன்று வழி இருக்கிறது, திங்கட்கிழமைக்குள் ஒன்றைச் சொல்லச் சொல்கிறார் டாக்டர் என்றாய். அதோடு விட்டாயா? "எது நல்லதுன்னு நீயே பார்த்துச் சொல்லுக்கா, நீ சொல்றதைப் பண்ணிக்கிறேன்" என்று பாரத்தைத் தூக்கி என் தலையில் வைத்துவிட்டாய். அன்றிலிருந்து எனக்குக் கை கால் ஓடவில்லை. பேருந்து ஓட்டிக்கொண்டிருந்த உன்னை இப்போதே ஸ்டியரிங்கிலிருந்து இறக்கி, பணிமனையில் சாவி எடுத்துக் கொடுக்க உட்கார வைத்துவிட்டார்கள். போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றத்தான் இத்தனையும் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். என் பேச்சைக் கேட்டு நீ ஒன்றைச் செய்துகொண்டு அதுவும் போய்விட்டால் நான் எந்த முகத்தோடு உன் முன்னால் வந்து நிற்பேன் என்று புலம்பினேன். நின்றாலும் அவனுக்குத் தெரியாதே என்றார் உன் அத்தான். அன்று ராத்திரி அவர் தானே போட்டுச் சாப்பிட்டுக்கொண்டார்.

என் வழக்கம் உனக்குத் தெரியும். சட்டைத் தொழிற்சாலையில் குறை பார்க்கும் மேசையிலேயே காலம் தள்ளியவள் நான். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்காமல் ஒரு சட்டையைப் பெட்டிக்குள் போக விட்டதில்லை. இன்றைக்கும் கண்ணாடி போட்டுக்கொண்டால் ஒரே குத்தில் ஊசியில் நூல் கோத்துவிடுவேன். மின்விசிறி வாங்குவதென்றால்கூட அதை ஏற்கெனவே வாங்கியவர் வீட்டுக்குப் போய், கீழே உட்கார்ந்து, சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் வாங்குவேன். கண் ஆபரேஷனை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடுவேனா? அங்கே இங்கே விசாரித்து, மூன்றையும் செய்துகொண்ட மூன்று பேரைக் கண்டுபிடித்து, அத்தானை ஸ்கூட்டரை எடுக்கச் சொல்லி, வீடு வீடாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

முதல் வீடு லேசர் வைத்துக்கொண்ட தட்டச்சு வாத்தியார். கத்தியே கிடையாதாம். கண்ணுக்குள் தண்ணீர் வடிகிற சல்லடை ஒன்று இருக்கிறதாம், அது அடைத்துக்கொண்டால்தான் அழுத்தம் ஏறுமாம். அதன்மேல் பச்சை வெளிச்சத்தைப் பட் பட்டென்று அடித்து அனுப்பிவிட்டார்களாம், வீட்டுக்கு வந்து காபி குடித்தேன் என்று பெருமையடித்துக்கொண்டார். எனக்கும் ஆசை வந்துவிட்டது. எழுந்திருக்கும்போதுதான், இது சில வருஷத்தில் நீர்த்துப்போகும், எனக்கு மறுபடி அடித்தார்கள், சொட்டு மருந்தையும் நிறுத்த முடியவில்லை, அழுத்தம் ரொம்ப ஏறியவர்களுக்கு இது மட்டும் போதாது என்று மெதுவாகச் சொன்னார். சாயம் போகிற துணியைத் தலையில் கட்டப் பார்த்திருக்கிறார். அந்த எரிச்சலில் திரும்பியபோது அவர் வீட்டுப் பூந்தொட்டி ஒன்று கீழே விழுந்து உடைந்தது. வாசற்படிக்கு இடப்பக்கம், கண்ணுக்கே தெரியாத இடத்தில் யாராவது தொட்டி வைப்பார்களா?

இரண்டாவது வீடு போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவர். இவருக்குக் கத்திதான். வெள்ளை விழியில், மேல் இமைக்கு உள்ளே, சின்னதாக ஒரு கதவு வெட்டி வைத்திருக்கிறார்களாம். உள்ளே தேங்குகிற நீர் அந்தக் கதவு வழியாகக் கசிந்து, தோலுக்கடியில் ஒரு கொப்புளமாக நின்று, அப்படியே வற்றிவிடுமாம். அழுத்தம் நன்றாக இறங்கிவிட்டது என்றார். சொல்லிவிட்டுச் சும்மா இருக்காமல் இமையைத் தூக்கிக் காட்டினார். நான் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். கதவு தானாக மூடி வடுவாகிவிட்டால் மறுபடி ஊசி குத்தித் திறப்பார்களாம். அளவுக்கு மேல் திறந்துகொண்டால் கண் காற்றுப்போன பந்து மாதிரி தொளதொளத்துவிடுமாம். கண் சிவந்தால், வலித்தால் ராத்திரியென்றும் பார்க்காமல் ஓட வேண்டுமாம், உள்ளே சீழ் பிடித்தால் கண்ணே போய்விடுமாம். குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது என்பதால் வாரக்கணக்கில் அவருக்கு அவர் மனைவிதான் செருப்பு மாட்டி விட்டாராம். அந்த அம்மாள் மட்டும் எங்களிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் அவர் நீட்டிய காபியை வாங்காமல் நிற்க வைத்து அவமானப்படுத்திவிட்டேனாம், அத்தான் வழியில் சொன்னார். எனக்கு யாரும் காபி நீட்டவே இல்லை, தம்பி. சத்தியமாகச் சொல்கிறேன்.

மூன்றாவது ஒரு பாட்டு டீச்சர். இவருக்கு வைத்த கதவு மூடிக்கொண்டதால் குழாய் வைத்திருக்கிறார்கள். நூல் கனத்தில் ஒரு குழாய், அதன் மறுமுனையில் ஒரு தகடு, இரண்டையும் கண்ணோடு சேர்த்துத் தைத்துவிட்டார்களாம். தைத்துவிட்டார்கள் என்ற சொல் காதில் விழுந்ததுமே நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தையலைப் பற்றி எனக்குத் தெரியாததா? எந்தத் தையலும் என்றைக்காவது ஒரு நாள் விடும். விட்டால் குழாய் வெளியே தலைகாட்டுமாம், சிலருக்கு அடைத்துக்கொள்ளுமாம், சிலருக்கு ஒன்று இரண்டாகத் தெரியுமாம். எனக்கு ஒன்றும் ஆகவில்லை, குழாய் இருப்பதே மறந்துவிடுகிறது என்று அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. இறங்கும்போது அவர் வீட்டுப் படி ஒன்று காலுக்கு அகப்படாமல் போய் நான் சரிந்தேன். அவர்தான் தாங்கிப் பிடித்தார். பிடித்தவர் கையை விடாமல், "உங்க கண்ணை யாரு பார்க்கிறாங்க?" என்று கேட்டார். "எனக்கென்னங்க, தம்பிக்குத்தான்" என்றேன். கூடப் பிறந்தவர்களும் பார்த்துக்கொள்வது நல்லது என்று ஏதோ சொன்னார். தன் படியைக் கோணலாகக் கட்டி வைத்துக்கொண்டு என் கண்ணைக் குறை சொல்கிறார் பார். என்றைக்கும் இல்லாத வழக்கமாக அத்தான் என் கையைப் பிடித்து ஸ்கூட்டரில் ஏற்றினார்.

ஆக, தம்பி, என் மேசைக்கு வந்த மூன்று சட்டையும் குறைச் சட்டை. ஒன்று சாயம் போகிறது, ஒன்று தானாக மூடிக்கொள்கிறது, ஒன்றில் தையல் விடுகிறது. மூன்றையும் திருப்பி அனுப்புகிறேன். டாக்டரிடம் அவகாசம் கேள். எதிலும் கையெழுத்துப் போட்டுவிடாதே. நான் இன்னும் இரண்டு மூன்று வீடு பார்த்துவிட்டு எழுதுகிறேன், அதுவரை சொட்டு மருந்தை மறக்காதே, இருட்டில் தனியாக வெளியே போகாதே.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு முத்தம். நீ என்றைக்கும் எல்லா வெளிச்சத்தையும் பார்த்துக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும். முதல் வரியிலிருந்து கடன் வைத்ததை இப்போது எழுதிவிடுகிறேன்: நானும் அத்தானும் சௌக்கியம்.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: இந்தக் கடிதம் எழுதியவுடன் தபால் பெட்டிக்குப் போகவில்லை. உன் அத்தான் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, உனக்காக டாக்டரிடம் இன்னும் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு வரலாம் என்று என்னைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். போனதும் போனோம், அங்கே எடுக்கிற பார்வைச் சோதனை எப்படி இருக்கும் என்று உனக்கு எழுதலாமே என்று நானும் உட்கார்ந்தேன். ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். கையில் ஒரு பொத்தான். உள்ளே எங்கே வெளிச்சப் புள்ளி தெரிந்தாலும் அமுக்க வேண்டும். வலக்கண்ணுக்கு ஒரு வழியாக முடிந்தது. இடக்கண்ணுக்கு நடுவில் ஒன்றிரண்டு வந்ததோடு சரி, பிறகு நெடுநேரம் காத்திருந்தேன், ஒன்றும் வரவில்லை. கடைசியில் பொறுக்க முடியாமல், "உன் மிஷின்ல இந்தப் பக்கம் பல்பு போயிருக்கும்மா, மாட்டிட்டுக் கூப்பிடு" என்று அங்கிருந்த பெண்ணிடம் சொன்னேன்.

அவள் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு, "பல்பு எரிஞ்சுகிட்டுதான் இருக்கும்மா" என்றாள்.

எனக்கும் உன்னுடைய அதே அழுத்தம்தானாம், இடக்கண்ணில் நடுவில் கொஞ்சம்தான் பார்வை மிச்சமாம். ஊசியில் நூல் கோக்க அது போதும். தொட்டியைப் பார்க்கவும் காபியைப் பார்க்கவும் படியைப் பார்க்கவும் போதாது. அந்த மூன்று வீட்டிலும் ஒரு குறையும் இல்லை, தம்பி. மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. அவகாசம் மட்டும் கேட்காதே. தெரியாமலே அவகாசம் எடுத்துக்கொண்டவள் கண்ணைத்தான் இன்று அந்தக் கிண்ணத்துக்குள் பார்த்தார்கள்.

எனக்கு வெள்ளிக்கிழமை. கதவு வெட்டுவதுதான். எந்தக் கேள்வியும் கேட்காமல் சரி என்று சொல்லிவிட்டேன், அத்தானே மிரண்டுபோனார். எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நீ கிளம்பி வா. பார்க்க வேண்டிய நாலாவது வீடு இதுதான். இமையைத் தூக்கிக் காட்டுகிறேன், நன்றாகப் பார்த்துவிட்டுப் போய்த் திங்கட்கிழமை உன் டாக்டருக்குப் பதில் சொல். வந்ததும் என் வலப்பக்கமாக உட்கார். இடப்பக்கம் உட்கார்ந்தால் நீ வந்ததே எனக்குத் தெரியாது.