நைனா உள்ளே இருக்கிறார்

திருத்தணியில் மலைமேல் இருக்கும் முருகனுக்கு அடுத்தபடியாக, குறைகளைக் கடைசிவரை காதுகொடுத்துக் கேட்டவர் எங்கள் கல்லூரி சர்வர் அறையில் இருந்த நைனாதான். என்ன, மனிதர்களின் குறையை மட்டும் அவர் கேட்டதில்லை.

பள்ளிப்பட்டு பஸ்ஸில் வருவார். பிரின்சிபால் உட்பட எல்லோரையும் ‘நைனா’ என்றுதான் கூப்பிடுவார். அதனால் அதுவே அவர் பெயராகிவிட்டது. வந்ததும் அறைக் கதவில் ‘நைனா உள்ளே’ என்று ஓர் அட்டையை மாட்டுவார், போகும்போது மறக்காமல் கழற்றுவார். அட்டை தொங்கினால் யாரும் வெளியே இருக்கும் மெயின் சுவிட்சைத் தொடக் கூடாது. பிரின்சிபாலும் தொட்டதில்லை.

ஒருநாள் மதியம் கரன்ட் போய்வந்தது. கல்லூரி இணையம் மொத்தமும் பிராக்ஸி என்ற ஒரே சர்வர் வழியாகத்தான் போகும். அந்த பிராக்ஸி எழுந்திருக்க மறுத்தது. ஸ்டார்ட் செய்தால் இரண்டு நொடியில் படுத்துவிடும். ஐந்து மணிக்குள் என் அறுபது மாணவர்களின் இன்டர்னல் மதிப்பெண்களைப் பல்கலைக்கழக இணையதளத்தில் ஏற்றியாக வேண்டும். தவறினால் அறுபது பேரும் பரீட்சை எழுத முடியாது. பத்து நாள் அவகாசம் கொடுத்திருந்தார்கள். கடைசி நாளுக்கு நான் காட்டும் மரியாதையை வேறு எந்த நாளுக்கும் காட்டுவதில்லை.

நைனா சாப்பிட்டு முடித்து நிதானமாக வந்தார். பிராக்ஸி தன் நடப்பையெல்லாம் எழுதிவைக்கும் லாக் என்ற பதிவைத் திறந்து, முதல் வரியிலிருந்து சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். மணி நாலு. நாலேகால். இன்னொருமுறை ரீஸ்டார்ட் செய்து பார்க்கலாமே என்று கெஞ்சினேன்.

“பேசிகினு இருக்கறவன் வாய்ல அடிக்கலாமா நைனா?” என்றார்.

நாலே முக்காலுக்குக் கடைசி வரி வந்தது. ‘ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது.’ பிராக்ஸி எழுந்ததும் ‘நான் இருக்கிறேன்’ என்று ஒரு சின்னக் கோப்பு எழுதிவைக்குமாம், போகும்போது அழித்துவிட்டுப் போகுமாம். கரன்ட் போனதில் அழிக்காமலே போய்ச் சேர்ந்துவிட்டது.

“உள்ள ஆள் இருக்குதுன்னு நெனச்சிகினு புதுசா வர்றவன் திரும்பிப் போறான். மரியாதக்காரன்” என்றார்.

கடைசி வரியை முதலிலேயே பார்த்திருக்கலாமே என்று பல்லைக் கடித்தேன்.

“ஆங், மலைக்குக் கடைசிப் படியிலருந்தா ஏறுவாங்க?” என்றபடி கோப்பை அழித்தார். பிராக்ஸி எழுந்தது. ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது அறுபதாவது பையனையும் ஏற்றினேன். அவர் டீ குடிக்கப் போனார்.

போன மாதம் நைனா ஓய்வுபெற்றார். மாலை போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள். அந்த அமர்க்களத்தில் பள்ளிப்பட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடியவர், முதன்முறையாக அட்டையைக் கழற்ற மறந்துவிட்டார்.

மறுநாள் அவர் இடத்தில் வேலைக்குச் சேர்ந்த பையன் அட்டையைப் பார்த்துவிட்டுக் கதவுக்கு வெளியிலேயே நின்றான். கால் மணி நேரம் கழித்து என்னிடம் வந்து, “சார், உள்ள யாரும் இல்லியாமே. அட்டைய எடுத்துறட்டுங்களா?” என்று கேட்டான்.

எடுத்தால்தான் அவன் ஒழுங்காக ஆரம்பிக்க முடியும். அது எனக்குத் தெரியாதா?

“கதவைத் திறந்துக்கப்பா” என்றேன். “அட்டை மட்டும் இருக்கட்டும்.”