விண்கப்பலில் கழிவுக்குழாய் எங்கே?

உலகத்தில் ‘ஆனாக்காரர்’ என்று ஓர் இனம் உண்டு. கொம்பு கிடையாது, வால் கிடையாது, கூட்டத்தில் பார்த்தால் உங்களையும் என்னையும் போலத்தான் இருப்பார். அடையாளம் கண்டுபிடிக்க ஒரே வழி, அவர் காதில் ஒரு நல்ல செய்தியைப் போட்டுப் பாருங்கள். “எல்லாம் சரிதான், ஆனா...” என்று இழுப்பார். பிடித்துவிட்டீர்கள். சொர்க்கத்துக்கே கூட்டிப்போய்க் கதவைத் திறந்துவிட்டாலும், உள்ளே காலெடுத்து வைக்காமல் கீலுக்கு எண்ணெய் போடவில்லையா என்று கேட்கிற ஜன்மம்.

நம்முடைய ஆனாக்காரர் ஒரு பிளம்பர். காதில் பென்சில், இடுப்பில் ஸ்பேனர், நாக்கில் ‘ஆனா’. இந்த மூன்றும் இல்லாமல் அவரைப் பெண்டாட்டிகூடப் பார்த்ததில்லை. ஊரில் பாதித் தண்ணீர் அவரைக் கேட்டுக்கொண்டுதான் ஓடும். கல்யாணத்துக்குப் போனால், பொண்ணு மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால் கை கழுவுகிற இடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வருவார்.

அவருக்கு வாய்த்த மருமகனோ கதை எழுதுகிறவர். கண் ஆஸ்பத்திரியில் டோக்கன் நம்பர் கூப்பிடுகிற வேலை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தையெல்லாம் சேர்த்துச் சேர்த்து, மூன்று வருஷத்தில் ஒரு நாவல் எழுதி அச்சும் போட்டுவிட்டார். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். பதினோரு பேர் ஒரு விண்கப்பலில் போகிறார்கள், நட்சத்திரங்களுக்கு நடுவே ஒரு பகைக்கூட்டம் வழிமறித்துக் கப்பலைக் கடித்துக் குதறுகிறது, பிழைத்தார்களா இல்லையா என்பதுதான் கதை. படித்தவர்கள் தங்கள் நகத்தையெல்லாம் கடித்துத் தீர்த்துவிட்டுப் பக்கத்து வீட்டு நகத்தை இரவல் கேட்டதாகக் கேள்வி.

முதல் பிரதி மாமனாருக்குப் போனது. அவரும் படித்தார். எப்படி? ஒழுகுகிற சுவரைத் தட்டித் தட்டிப் பார்ப்பாரே, அப்படி. அடுத்த வாரம் மகள் வீட்டில் வந்து உட்கார்ந்தபோது, அவர் கையில் புதுக் குழாய் வந்த அட்டைப்பெட்டி ஒன்று கிழிந்து கிடந்தது. அதன் பின்பக்கத்தில் பதினேழு குறைகள். பதினோரு பேர் நாலு வருஷம் போகிறார்கள், சரிதான், ஆனா கப்பலில் எத்தனை கக்கூஸ்? கழிவுக்குழாய் எங்கே போகிறது? வெளியே விடுகிறார்கள் என்றால், பின்னால் வருகிறவன் சும்மா இருப்பானா? ஒருவேளை அதனால்தான் அவன் சண்டைக்கே வந்தானோ?

மருமகன் பதினேழு தடவை “சரி மாமா” என்றார். அவர் போனதும், இரண்டாம் பாகம் பாதி எழுதி வைத்திருந்த நோட்டை எடுத்துப் பழைய பேப்பர் கட்டின் மேல் வைத்துவிட்டார்.

மகள் போன் செய்தாள். அழவில்லை. அழுதிருந்தால் சமாளித்திருப்பார்.

“அப்பா, சனிக்கிழமை பேப்பர்காரர் வருவார். அந்த நோட்டையும் போட்டுடப் போறாராம், இனிமே எழுதவே மாட்டேங்கறார். அதுக்குள்ள வந்து ஒரே ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்க. ‘ஆனா’ இல்லாம.”

பிளம்பருக்கு வேர்த்துவிட்டது. ஆறு மாடிக் கட்டிடத்துக்குத் தனியாகக் குழாய் இழுக்கச் சொல்லியிருந்தால் இழுத்திருப்பார். பெண்டாட்டி அவரை நிற்கவைத்துப் பழக்கினாள். ‘நல்லாருக்கு மாப்ளே’ என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். சொன்னார். மூடினார். மூடிய வாய்க்குள் ‘ஆனா’ எலி மாதிரி அங்கேயும் இங்கேயும் ஓடுவது கன்னத்தில் தெரிந்தது.

சனிக்கிழமை காலை. கட்டின் உச்சியில் நோட்டு. மகள் டீயோடு நின்றாள். மருமகன் நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

“நல்லாருக்கு மாப்ளே” என்றார் பிளம்பர். மூடினார். ஒன்று, இரண்டு, மூன்று. மகள் மூச்சு விட்டாள்.

“ஆனா...”

மகள் நீட்டிய டீயைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

“ஆனா அந்த ஆள் சாக வேண்டியதில்ல மாப்ளே.”

இருநூற்று முப்பத்தோராம் பக்கத்தில் கப்பலின் கிழட்டு மெக்கானிக் சாகிறார். எதிரி குளிர்நீர்க் குழாயை உடைத்துவிட, மற்ற பத்துப் பேரும் தப்புகிற வரைக்கும் அந்த உடைப்பை முதுகால் அடைத்துக்கொண்டு நின்று, நின்றபடியே உறைந்துபோகிறார். அதைப் படித்த நாளிலிருந்து பிளம்பருக்கு வேலை ஓடவில்லை. ஒரு வீட்டில் வெந்நீர் லைனையும் பச்சைத்தண்ணீர் லைனையும் மாற்றிக் கொடுத்துவிட்டார், முப்பது வருஷத்தில் முதல் தடவையாக.

“ரெண்டு பக்கமும் ஒரு வால்வு வெச்சிருந்தா மூடிட்டு வந்திருப்பான். தொழில் தெரிஞ்ச மனுஷன். அவனப் போயி...” என்று நிறுத்தி, டீ வராத தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மருமகன், அந்த மெக்கானிக் காதில் பென்சில் செருகியிருப்பதாகவும், கேப்டன் எதைச் சொன்னாலும் ஓர் ‘ஆனா’ போடுவதாகவும் எழுதியிருக்கிறதே, கவனிக்கவில்லையா என்று மெதுவாகக் கேட்டார்.

பதினேழு ஓட்டை கண்டுபிடித்த மனுஷன், தன்னைக் கண்டுபிடிக்கவில்லை. கை தானாகக் காதுக்குப் போனது. பென்சில் இருந்தது. மாமனாரை எழுத்திலேயே தீர்த்துக்கட்டிவிட்டு, அதற்கு அவரையே கண்கலங்க வைத்த மருமகன் இந்த மூவுலகத்திலும் இவர் ஒருவர்தான்.

“நல்லா எழுதியிருக்கீங்க” என்றார் பிளம்பர். குரல் வாஷர் போன குழாய் மாதிரி இழுத்தது. “ஆனா பென்சில வலது காதுன்னு போட்டுட்டீங்க. எனக்கு இடது.”

மகள் டீயைக் கொடுத்தாள். அவர் ஒரு வாய் குடித்தார்.

“உறைஞ்சுதானே போனான்? ஒரு வெந்நீர் லைன் இழுத்தா எழுந்திரிக்க மாட்டானா?”

மருமகன் எழுந்து போய்ப் பேப்பர் கட்டிலிருந்து நோட்டை உருவினார். பேப்பர்காரர் வந்து மணியடித்தபோது இரண்டு பேரும் தரையில் குப்புறப் படுத்திருந்தார்கள். நோட்டில் வரைந்த கப்பலில் ஆறு வால்வு, நாலு கக்கூஸ், மெக்கானிக் வரைக்கும் ஒரு வெந்நீர்க் குழாய் ஏறியிருந்தது. கழிவுக்குழாய் மட்டும் எந்தப் பக்கம் என்று சண்டை நடந்துகொண்டிருந்தது.

நல்லவேளை, நாம் அந்த இனம் இல்லை என்றுதானே சிரிக்கிறீர்கள்? தாராளமாகச் சிரியுங்கள். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கப் புத்தகத்தில் இருநூற்று முப்பத்தோராம் பக்கம் எப்படி வந்தது என்று நடுவில் ஒரு நொடி நின்று புருவத்தைத் தூக்கினீர்களே, அப்போதே உங்கள் காதைத் தடவிப் பார்த்திருக்க வேண்டும்.