கோழிக்கு வாங்கிய மோர்

மேற்கு மாம்பலம்,
20-5-1946

மாப்பிள்ளை வெள்ளைச்சாமி அவர்களுக்கு மைத்துனன் சண்முகவேல் எழுதிக்கொண்டது. இங்கே நானும் நீங்கள் விட்டுப்போன சீமைக்கோழிகளும் உயிரோடிருக்கிறோம். தென்காசிக் காற்றில் நீங்களும் தங்கை முத்துலட்சுமியும் சுகமாயிருப்பீர்கள், விசாரிக்க வேண்டியதில்லை.

வெயிலுக்கு அஞ்சி ஊருக்குப் போகிறவர் கோழிகளையும் கூட்டிப்போயிருக்கலாம். என் கல்யாணத்தில் பாயசம் பிந்தியதற்காகப் பந்தியை விட்டு எழுந்தவர் நீங்கள்; உங்கள் கோழிகளுக்கு மட்டும் நான் வேளை தவறாமல் பரிமாற வேண்டும். வெயில் ஏற ஏற அவை வாயைப் பிளந்து, சிறகை விரித்து இரைத்தன. நீங்கள் சொன்னபடி சின்ன வெங்காயம் நறுக்கினேன், முருங்கைக்கீரை உருவினேன், நெல்லிமுள்ளியை இடித்துத் தவிட்டில் பிசைந்தேன். மோரும் வைக்கச் சொன்னீர்களே, அதற்கு எங்கே போவது? இந்த ரேஷன் காலத்தில் என் இலைக்கே மோர் வருவதில்லை. ஆகவே பனகல் பார்க் பக்கம் ஒரு ஜவுளிக்கடைக்காரர் வைத்திருக்கும் நீர்மோர்ப் பந்தலுக்குத் தூக்குச்சட்டியோடு போனேன். கோழிக்கென்று கேட்க வாய் வரவில்லை. மோர் ஊற்றிய கடைக்காரர் மனைவி சண்முகவடிவு, “பாத்திரத்துல குடுக்கிறதில்ல அண்ணாச்சி, இங்கயே குடிங்க” என்றாள். “தங்கச்சிக்கு வெக்கை நோவும்மா, எந்திரிக்க முடியல” என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து தினமும் மோர். உங்கள் கோழிகள் மோரைக் குடித்துவிட்டுக் கறிவேப்பிலையை மட்டும் ஒதுக்கின. வளர்த்த வீட்டுப் பழக்கம்.

நேற்று அந்த அம்மா இளநீரும் திருநீறுமா, பந்தல்காரங்க நாலு பேரோட, வீட்டை விசாரிச்சுக்கிட்டு நோயாளியைப் பாக்க வந்துட்டா. நான் வாசலை மறிச்சுக்கிட்டு, “இப்பத்தான் கண்ணசந்தா”ன்னு முடிக்கலை, பக்கத்து வீட்டு ஜமீலுன்னிசா சுவத்துக்கு மேல தலையை நீட்டி, “இன்னா சார், உன் தங்கச்சி கோழிய வுட்டுட்டு தென்காசி போயி ஒரு மாசம் ஆவுதே!”ங்குது. “அப்ப எங்க மோரைக் குடிச்சது யாரு?”ன்னு சண்முகவடிவு கேட்ட நேரம், பெரிய வெள்ளைக்கோழி தூக்கின் வளையத்தைக் கழுத்துல மாட்டிக்கிட்டு, சட்டியை இழுத்தபடியே கொல்லையிலிருந்து கூடத்துக்கு வந்துச்சு. பி.ஏ. படித்தவன் நான், மாப்பிள்ளை! அவள் திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திட்டியிருப்பேன். “வாயில்லா சீவனுக்குன்னு சொன்னா தரமாட்டோமா அண்ணாச்சி? இதுக்குப் போயி கூடப்பொறந்தவளைப் படுக்கையில போடணுமா?” என்று மட்டும் கேட்டாள். தியாகராயநகரில் இனி எப்படித் தலை காட்டுவேன்? கடிதம் கண்டதும் ரயிலேறி வந்து கோழிகளைக் கொண்டுபோங்கள். இல்லையேல் மெஹபூப் அலியின் கறிக்கடைக்கு அனுப்பிவிடுவேன், இது சத்தியம்.

முத்துலட்சுமி நோய்நொடியின்றி நீண்ட காலம் இருக்க வேண்டும். வழக்கமாக எழுதுவதுதான், இந்தத் தடவை மனதார எழுதுகிறேன்.

இப்படிக்கு,
சண்முகவேல்

பி.கு.: சற்றுமுன் சண்முகவடிவு அம்மாள் ஒரு குடம் மோர் அனுப்பினாள், கோழிகளுக்கென்று சொல்லி. முதல் டம்ளரை நான்தான் குடித்தேன். நாளையும் வருமாம். நீங்கள் அவசரப்பட வேண்டாம். குற்றாலத்தில் சீசன் முடிந்தபிறகே புறப்படுங்கள்.