எடைக்கல் அண்ணனின் தராசு

ஆட்களைப் பெயர் சொல்லாமல் எண் சொல்லியே கூப்பிட்டு, அதற்காக ஒரு தடவைகூட உதை வாங்காத மனிதர் காரைக்குடி வட்டாரத்திலேயே எடைக்கல் அண்ணன் ஒருவர்தான்.

கல்யாணங்களுக்குப் பெரிய வீடு பிடித்து, அறையும் சாப்பாடும் ஏற்பாடு செய்யும் அலுவலகம் எங்களுடையது. கம்ப்யூட்டர் அவர் பொறுப்பு. அவர் ஒழுங்காகச் செய்ததைக் கெடுக்க, சம்பளத்துக்கு இருந்தவன் நான்.

விருந்தாளிக்கு என்னென்ன ஆகாது என்பதற்கு வரிசையாகக் கட்டங்கள் போட மாட்டார். ஆளுக்கு ஒரே கட்டம், ஒரே எண். காபிக்குச் சர்க்கரை வேண்டாம் என்றால் ஒன்று, பால் ஆகாது என்றால் இரண்டு, நிலக்கடலை ஆகாது என்றால் நான்கு, மாடி ஏற முடியாது என்றால் எட்டு. எல்லாவற்றையும் கூட்டிவிடுவார்.

"தராசுல எடைக்கல்லு வைக்கிற மாதிரிதாம்ப்பா. மொத்தம் அஞ்சுன்னா ஒண்ணும் நாலும்தான் தட்டுல இருக்கு. வேற வழியே கெடையாது!"

பட்டப்பெயர் வந்தது இப்படித்தான்.

வாசலில் கார் வந்து நின்றதும் அண்ணன் குரல் கொடுப்பார். "பத்து வாராக! கீழ் ரூமத் தொற, வரக்காப்பி போடு!"

"யாரு, என்னையா பத்துங்கிறீக?" என்று ஒரு பெரியவர் முறைத்தார்.

"ஆமாங்கய்யா. முட்டிவலி எட்டு, பால் ஒத்துக்காதது ரெண்டு."

"எம்மகனுக்கே இது ஞாபகமில்லையேப்பா!" பெரியவர் குளிர்ந்துபோனார்.

வலையபட்டிக் கல்யாணத்தில்தான் என் திறமை வெளிப்பட்டது. காலை டிபனுக்கு நிலக்கடலைச் சட்னி. யார் யாருக்கு அது ஆகாது என்று சமையல் மாஸ்டர் கேட்டார். அண்ணன் பக்கத்தில் இல்லை. நானே உட்கார்ந்து, எண் நான்குக்குச் சமமானவர்களைத் தேடினேன். ஒரே ஒரு சித்தப்பா வந்தார். பட்டியலை மாஸ்டரிடம் கொடுத்துவிட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

அண்ணன் வந்து திரையைப் பார்த்தார்.

"கல்யாணப் பொண்ணு பேரு எங்கடா? அது அஞ்சு! கடலை பட்டா மூச்சே நின்னுரும்னு அவுக அம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னாகளே!"

"நாலுக்குச் சமம்னு போட்டேண்ணே..."

"சமம் போட்டா நாலு மட்டும் தனியா இருக்கிற தட்டுதான் வரும். நாலு உள்ள கெடக்கான்னு கேக்கணும். அதுக்குத்தான் கீபோர்டுல ஏழுக்கு மேல ஒரு குறி சுருண்டு கெடக்கு!"

பாதி வாக்கியத்திலேயே ஓடத் தொடங்கிவிட்டார். செட்டிநாட்டு வீட்டின் நீளம் அன்றுதான் எனக்கு உறைத்தது. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு தாண்டிப் பந்திக்கு நாங்கள் போனபோது, மணப்பெண் இட்லியைச் சட்னியில் தோய்த்தாயிற்று.

அண்ணன் இலையோடு வாரி எடுத்துவிட்டார். விண்டுவைத்த இட்லியையும் வாங்கிக்கொண்டார். பந்தியே திரும்பிப் பார்த்தது.

"இலை கிழிஞ்சிருக்கு தாயி. கைய நல்லாக் கழுவிட்டு வாங்க, வேற போடச் சொல்றேன்."

இந்தத் தப்பில் என் பெயரை அவர் அன்றும் எடுக்கவில்லை, என்றைக்கும் எடுக்கவில்லை.

போன மாதம் மகள் வீட்டோடு இருக்க மதுரைக்குப் போய்விட்டார். அவருடைய கம்ப்யூட்டரை நான் குடைந்தபோது, அலுவலக ஆட்களுக்கும் ஒரு பட்டியல் அகப்பட்டது. லேட்டாக வருவது ஒன்று, வாய் இரண்டு, தூக்கம் நான்கு, லீவுக்குப் பொய் எட்டு. கடைசியில், பதினாறு: 'விட்டுரக் கூடாத ஆளு.'

சுருண்ட குறியைப் போட்டுப் பதினாறைத் தேடினேன். ஒரே ஒரு பெயர் வந்தது. என்னுடையது. எண் முப்பத்தொன்று; தட்டில் எல்லாக் கல்லும்.

சமம் போட்டுத் தேடியிருந்தால் நான் அகப்பட்டே இருக்க மாட்டேன்.