பேட்டண்ட்டின் மணங்கு மெஷின்

உலகத்தின் முதல் கம்ப்யூட்டர் புத்தூரில்தான் செய்யப்பட்டது. அமெரிக்காக்காரன் சண்டைக்கு வந்தாலும் நான் இதை மாற்றிச் சொல்லமாட்டேன். செய்தவர் பேட்டண்ட். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு ஏதோ இருந்திருக்கும்; எங்களில் யாரும் கேட்டதில்லை.

ஆந்திரா தனி ராஜ்யமாகி, புத்தூர் ஆந்திராவுக்கா மெட்ராசுக்கா என்று இழுபறி நடந்துகொண்டிருந்த காலம். நான் அங்கே வேர்க்கடலை மண்டியில் கணக்கு எழுதினேன். பேட்டண்ட் எங்கள் தராசுகளை ரிப்பேர் செய்கிறவர். எடை கூட்டி நான் திணறுவதைப் பார்த்துவிட்டு, பித்தளையில் பல்சக்கரம் வெட்டி ஒரு மெஷின் செய்திருப்பதாகச் சொன்னார். நாற்பது பலம் ஒரு வீசை, எட்டு வீசை ஒரு மணங்கு. கைப்பிடியைச் சுற்றினால் மெஷினே கூட்டும். ஒவ்வொரு மணங்குக்கும் சைக்கிள் பெல் அடிக்கும். தப்பே வராது. மண்டியிலேயே கொண்டுவந்து வைத்தார்.

ஒரே தொந்தரவு, அதை யாரும் பார்க்கக்கூடாது. கண்டுபிடிப்பு அவருடையது என்று சர்க்கார் பேட்டண்ட் கொடுப்பதற்குள் எவனாவது பார்த்துத் திருடிவிட்டால்? அதனால் மெஷினுக்கு எப்போதும் மனைவியின் பழம்புடவையால் முக்காடு. அதை அவர் விலக்கும்போது முதலாளி முதல் மூட்டை தூக்குகிறவர் வரை சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கவேண்டும்.

விஜயபுரத்து விவசாயி ஒருவர் கொதித்துப் போனார். "இன்னா நைனா இது, நம்ம கடலைக்கு கணக்கு போட நாமளே திரும்பி நிக்கணுமா?"

"பெல்லு கேக்குது இல்ல? காதால எண்ணிக்கோ," என்றார் பேட்டண்ட்.

விவசாயி எண்ணினார். சரியாக இருந்தது. அடுத்த வாரம் ஊரிலிருந்து நாலு பேரைக் கூட்டிவந்து, அவரே அவர்களைச் சுவர் பக்கம் திருப்பி நிறுத்தினார்.

"அப்ளிகேஷன் அனுப்பிட்டீங்களாண்ணா?" என்று நான் கேட்காத வாரமில்லை.

"எப்பிட்றா அனுப்பறது? அட்ரஸ்ல ஆந்திரான்னு போடறதா, மெட்ராஸ்னு போடறதா? ஆந்திரான்னு வாங்கினப்புறம் ஊரு மெட்ராசுக்குப் பூடிச்சின்னா, பேட்டண்ட்டு செல்லாம பூடும்டா."

"இந்தியா பூராவுக்கும் ஒரே பேட்டண்ட்டுதாண்ணா."

"ஒரே இந்தியான்னா, இன்னாத்துக்குடா நடுவுல கோடு போட்டுக்கினு கீறாங்க?"

நான் கணக்கு நோட்டைத் திறந்துகொண்டேன்.

எல்லை முடிவாகவேண்டும் என்று அவர் பட்ட அவசரம் எந்தத் தலைவரும் பட்டதில்லை. தமிழ்க் கூட்டத்துக்கும் போவார், தெலுங்குக் கூட்டத்துக்கும் போவார். இரண்டிலும் எழுந்து ஒரே கேள்வி: "எந்தப் பக்கம்னாலும் சரி, எப்ப முடிப்பீங்க?" எதிர்த்தரப்பு ஆள் என்று நினைத்து இரண்டு கூட்டத்தாரும் தனித்தனியாக அடித்தார்கள். அடி வாங்குவதற்குப் புத்தூரைவிட வசதியான ஊர் கிடையாது. முறிந்த கைக்குப் பேர்பெற்ற புத்தூர்க் கட்டைப் போட்டுக்கொண்டு மறுநாளே வந்து இடக்கையால் மெஷினைச் சுற்றினார்.

ஒருவழியாக எல்லை முடிவானது. புத்தூர் ஆந்திராவிலேயே நின்றது. பேட்டண்ட் மைசூர்பாகுப் பொட்டலத்தோடு மண்டிக்குள் ஓடிவந்தார். "ஆந்திராடா! எழுது அட்ரஸ!"

நான் எழுதவில்லை. மூலையைக் காட்டினேன். அன்று காலையில்தான் புதுக் கிலோ எடைக்கற்கள் வந்து இறங்கியிருந்தன. இனிமேல் பலம், வீசை, மணங்கு எதுவும் கிடையாது, சர்க்கார் உத்தரவு. அவர் ஒரு கல்லைத் தூக்கிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கீழே வைத்தார். நாற்பதுக்கும் எட்டுக்கும் வெட்டிய சக்கரங்களுக்கு ஆயிரம் கிராமோடு என்ன வேலை?

நேரே மெஷினிடம் போய்ப் புடவையை உருவிக் கீழே போட்டார். "பாத்துக்கோங்கடா எல்லாரும். இனிமே எவன் பாத்தா இன்னா?"

முதலாளிதான் முதலில் திரும்பினார். பிறகு நான், மூட்டை தூக்குகிறவர்கள், கடலையோடு வந்திருந்த அந்த விஜயபுரத்துக்காரர். எல்லோரும் சுவரைப் பார்த்தபடி நின்றோம். அப்புறம் முதுகுக்குப் பின்னால் புடவை சரசரத்தது.

"சரி, திரும்புங்க," என்றார். மெஷின் முக்காட்டுக்குள் இருந்தது. "மைசூர்பாகு துன்னுங்க."

அதன் உள்ளே என்ன இருந்தது என்று நான் இன்றுவரை பார்த்ததில்லை. கேட்கிறவர்களிடம், பேட்டண்ட் கிடைத்துவிட்டது என்றே சொல்லி வருகிறேன்.