கண்ணுக்குத் தெரியாத கண்ணாடி

கண்ணாடிக் கடைக்காரருக்குக் கண் அரித்தது. மூக்கில் இருந்த கண்ணாடியைக் கழற்றாமலே ஆள்காட்டி விரலை முன்பக்கமாக நுழைத்து, சுகமாகத் தேய்த்துக்கொண்டார். விரலை நடுவில் எதுவும் தடுக்கவில்லை.

எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த கணக்கு வாத்தியார் இதைப் பார்த்துவிட்டார்.

"உங்க கண்ணாடியில கண்ணாடியே இல்லையே" என்றார்.

கடைக்காரர் அவசரமாக விரலை வெளியே இழுத்தார். இதற்குப் பதில் சொல்லாவிட்டால் கடையே போய்விடும். அப்படி ஒரு நிலைமையை அவரே இழுத்து வைத்திருந்தார்.

தெருவின் எதிர்ச்சாரியில் லேசர் ஆஸ்பத்திரி வந்ததிலிருந்து தொடங்கியது வினை. 'கத்தி இல்லை, தையல் இல்லை, கண்ணாடிக்கு முழுக்கு' என்று பனைமர உயரத்துக்கு ஒரு போர்டு. அன்று முதல் கடையில் ஈ ஓட்டலாம் என்றால் ஈகூட அந்தப் பக்கம் போய்விட்டது. மிஞ்சியிருந்த ஒரே விளம்பரம் அவருடைய சொந்தக் கண்ணாடி. பவர் மைனஸ் ஒன்பது. கழற்றி வைத்தால் மேஜை ஒரு பக்கம் சாயும். அதற்குள்ளே அவர் கண்கள் இரண்டு கடுகு மாதிரி தெரியும்.

"உங்க மூஞ்சிதாங்க நம்ம கடைக்கு போர்டு. நீங்களே கண்ணாடியைக் கழட்டிட்டா, ஷட்டரை இறக்கிட்டுப் போக வேண்டியதுதான்" என்று கல்லாவில் உட்காரும் மனைவி அடிக்கடி எச்சரித்திருந்தாள்.

அவள் தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்த சமயம் பார்த்து அவர் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தார். வேவு பார்க்கத்தான். மனைவியின் பூப்போட்ட சால்வையைத் தலையையும் முகத்தையும் சேர்த்துச் சுற்றியிருந்தார்.

"வாங்கம்மா, உட்காருங்க" என்றார் டாக்டர்.

வேஷம் இவ்வளவு கச்சிதமாக அமையும் என்று கடைக்காரரே எதிர்பார்க்கவில்லை. குரல் காட்டிக்கொடுக்குமே என்று கரகரத்தார். தொண்டை கட்டியிருக்கிறது போல என்று டாக்டரே சொல்லிவிட்டார். பிறகு நாற்காலிக்குப் பக்கத்தில் ஸ்டாண்டில் தொங்கிய கோட்டைப் பார்த்து எல்லாவற்றையும் விளக்கினார். கருவிழியின் வளைவை ஒளியாலேயே சரிசெய்வார்களாம். சின்னத் துளைதான், வலியே இருக்காதாம். மிச்சத்தை மிஷின் பார்த்துக்கொள்ளுமாம். பெரிய மனிதர்கள் யாரையும் முகம் பார்த்துப் பேசுவதில்லை என்று கடைக்காரர் நினைத்துக்கொண்டார்.

சுவரில் என்ன எழுதியிருக்கிறது என்று டாக்டர் கேட்டபோதுதான் ஆசை வந்தது. கண்ணாடியைக் கழற்றியிருந்த கடைக்காரருக்குச் சுவரே தெரியவில்லை.

வேவு பார்க்கப் போனவர் படுத்துவிட்டார். கால் மணி நேரத்தில் எழுந்துவிட்டார். மறுநாள் காலையில் ஆஸ்பத்திரி போர்டில் உட்கார்ந்திருந்த காக்காயின் இறகுகளை ஒவ்வொன்றாக எண்ண முடிந்தது. திரும்பக் காட்ட வரச் சொல்லியிருந்தார்கள். எவனாவது பார்த்துவிட்டால் என்ன ஆவது என்று போகவில்லை.

மனைவி ஊரிலிருந்து வந்ததும் பழைய கண்ணாடியையே மாட்டிக்கொண்டார். இப்போது அதுதான் அவரைக் குருடாக்கியது. நிலைக்கண்ணாடியில் தெரிந்த ஆளை வாங்க சார் என்று வரவேற்றார். நாற்காலி என்று நினைத்துக் காற்றில் உட்கார்ந்தார். பவர் ஏறிவிட்டது, இன்னும் தடியாக ஒன்று போடலாம் என்று மனைவி அளவெடுக்க வந்தாள். பயந்துபோய் லென்ஸ் இரண்டையும் கழற்றி எறிந்துவிட்டு வெறும் பிரேமோடு நடமாடினார். அது நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, கண் அரிக்கும்வரை.

வாத்தியார் இன்னும் பதிலுக்குக் காத்திருந்தார்.

"கண்ணாடி இருக்கு சார். புதுச் சரக்கு. ரொம்பச் சுத்தம், அதான் உங்களுக்குத் தெரியலை."

"விரல் உள்ள போச்சே?"

"கண்ணுக்கே தெரியாத கண்ணாடி விரலுக்கு எப்படி சார் தெரியும்?"

வாத்தியார் யோசித்தார். இருபது வருஷமாகக் கணக்குப் போடுகிறவருக்கு இதில் எந்த வரி தப்பு என்று பிடிபடவில்லை. தனக்கும் ஒன்று வேண்டும் என்றார்.

சாயங்காலத்துக்குள் பள்ளிக்கூடம் முழுக்கப் பரவி, பள்ளிக்கூடம் வழியாக ஊர் முழுக்கப் பரவியது. கல்யாணப் போட்டோவில் கண்ணாடி தெரியக்கூடாத மணப்பெண்கள், மூக்கில் தழும்பு விழுந்த குமாஸ்தாக்கள், ஒரு குறையும் இல்லாத நாலைந்து பணக்காரர்கள் எல்லோரும் வாசலில் நின்றார்கள். கூட்டம் கலையட்டும் என்று கடைக்காரர் விலையை இரட்டிப்பாக்கினார். கூட்டமும் இரட்டித்தது. மைனஸ் ஒன்பதுக்கு மட்டும்தான் செய்ய முடியும் என்று சொல்லிப் பார்த்தார். அதுவரை ஒழுங்காக நடந்து வந்தவர்கள் உடனே சுவரைத் தடவ ஆரம்பித்தார்கள்.

மனைவி ஆனந்தத்தில் மிதந்தாள். எல்லோரிடமும் முன்பணம் வாங்கிப் போட்டாள். முதல் சரக்கு நாளைக் காலையில் கைக்கு வந்துவிடும் என்று வாக்கும் கொடுத்துவிட்டாள்.

அன்று கடையைச் சாத்தும் நேரத்தில் கடைக்காரர் அவளை ஸ்டூலில் உட்காரவைத்தார். வெறும் பிரேமை அவள் மடியில் வைத்தார்.

"நான் ஒண்ணு சொல்லணும். கோவப்படாதே."

"கோவமா? உங்களை மாதிரி மூளை யாருக்கு வரும்? எதிர்த்தாப்புல அந்த லேசர்காரன் இப்ப ஈ ஓட்டறான்."

"இல்லடி, அந்த லேசர் விஷயமாத்தான்..."

பின்கதவு தட்டப்பட்டது.

தலையும் முகமும் தெரியாமல் சால்வை சுற்றிய ஒரு பெண்மணி உள்ளே வந்தாள். எதிர் ஆஸ்பத்திரி டாக்டரின் மனைவி என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். குட்டு உடைந்தது, கடை போனது, மனைவியும் போனாள் என்று கணக்குப் போட்டுக்கொண்டே கடைக்காரர் சுவரில் சாய்ந்தார்.

வந்தவள் தெருப்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு அவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, உங்க கண்ணுக்குத் தெரியாத கண்ணாடி ஒண்ணு எங்க வீட்டுக்காரருக்கு ரகசியமா வேணும். லேசர் டாக்டரே கண்ணாடி போட்டா எவன் வருவான்னு இத்தனை வருஷமா போடாமலே சமாளிச்சிட்டார். போன மாசம் தொண்டை கட்டின ஒரு அம்மா வந்தாங்களாம், அவங்களுக்குக்கூட குத்துமதிப்பாத்தான் பண்ணிவிட்டாராம். அந்தம்மா திரும்பி வரவே இல்லை. பாவம், கண்ணு இருக்கோ போச்சோன்னு மனுஷன் சாப்பிடாம கிடக்கறார்."