மூன்றாம் மாடி ஜன்னல் திறந்த படலம்

வாழி தையலக்கா! ஊசிமுனையால் ஊரின் மானம் காப்பவளே, காஜா எடுப்பதில் கரைகண்டவளே, அளவு நாடாவை வாகைமாலையெனக் கழுத்தில் சூடியவளே, வாழி! சொல்லின் தெய்வமே, என் நாவில் சற்று நகர்ந்து உட்கார். இவ்வீரத்திருமகள் மின்துறை அலுவலகத்து மூன்றாம் மாடியிலே ஒரு ஜன்னலோடு பொருத பெரும்போரை நான் பாட வேண்டும். லிஃப்ட் வேலை செய்யாததால் அவள் படியேறித்தான் போனாள்.

போர் மூண்ட காரணம் கேளீர்! விண்முட்டும் புகைபோக்கி உடையதும், பகலவனையே மங்கச் செய்யும் கரும்புகை கக்குவதுமாகிய அனல்மின் நிலையம், எங்கிருந்து வந்ததென்று எவரும் வாய்திறவாத மட்ட நிலக்கரியை எரித்தபடியே, புகைபோக்கிக்கு ஒரு வடிகட்டிகூடப் பொருத்தாமல், இன்னும் பத்தாண்டு இயங்க அனுமதி கேட்டிருந்தது. அதன் முன்வாசலுக்கு எதிரே இந்த அலுவலகம், பின்மதிலை ஒட்டிய தெருவில் தையலக்காவின் வீடு. ஓடி விளையாட வேண்டிய அவளது ஒரே மகள், கொஞ்சம் வேகமாக நடந்தாலே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். கரி படிந்த துணியைத் துவைத்துவிடலாம், பிள்ளையின் நெஞ்சை எந்தச் சோப்பு போட்டுத் துவைப்பது?

கருத்துக் கேட்புக் கூட்டத்தின் அரியணையிலே, அதாவது டவல் போர்த்திய சுழல்நாற்காலியிலே, வீற்றிருந்தார் தலைவர்: கோப்புகளின் கோமகன், குளிர்சாதனத் தென்றலில் மீசை உலர்த்துபவர், 'பரிசீலனை' என்னும் கேடயத்தை உறக்கத்திலும் கீழே வையாதவர். குடிமக்கள் சேனை கேள்விக்கணைகளை மாரியெனப் பொழிந்தது. நிலக்கரி எந்தச் சுரங்கத்தது? பரிசீலனையில் உள்ளது. வடிகட்டி எங்கே? பரிசீலனையில் உள்ளது. பாதுகாப்புச் சோதனை நடத்திய புண்ணியவான் யார்? அவரும் பரிசீலனையில் உள்ளார். கணையெல்லாம் முனைமழுங்கி வீழ, களைத்த வீரர்கள், அலுவலகத்தார் கொடுத்த பிஸ்கட்டைத் தின்னத் தொடங்கினார்கள். அவ்வேளை ஒலிபெருக்கி அதிர எழுந்தது தலைவரின் பிரகடனம்:

"இந்த ஏரியா காத்து சுத்தமான காத்து! அதுக்கு நான் பொறுப்பு! யாரும் பயப்பட வேண்டாம்!"

கேட்டாள் தையலக்கா, கண் சிவந்தாள், கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"ஐயா, கூட்டத்துல ஒரே புழுக்கமா இருக்கு. அந்த ஜன்னலைக் கொஞ்சம் திறந்துக்கட்டுமா?"

மறுத்தால் சற்றுமுன் முழங்கியது பொய்யாகும். அத்தனை கண்களும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. ஆயினும் தலைவர் கலங்கினாரில்லை. ஆண்டுதோறும் பூசிய பெயிண்டில் கதவும் சட்டமும் ஒட்டிப்போய் ஒரே பலகையாகிவிட்ட ஜன்னல் அது என்பதை அவர் அறிவார். ஆகவே வரையாது வழங்கும் வள்ளலாய்க் கைவிரித்தார்.

"தாராளமா திறந்துக்கோங்கம்மா! யாரு வேணாங்கறது?"

புறப்பட்டாள் பெருந்தகை! நாற்காலிக் கால்களையும் மனிதக் கால்களையும் கடந்து ஜன்னலை நெருங்கியவளை, அவ்வரணின் காவலரான அலுவலக உதவியாளர் தாழ்குரலில் தடுத்தார்.

"வேணாம்க்கா. நான் வேலைக்குச் சேர்ந்ததுலேருந்து அதைத் திறந்ததே இல்ல. நாங்க நாள் முழுக்க இதுக்குள்ள இருக்கணும்ல?"

கொண்டியைப் பற்றி இழுத்தாள், நகம் ஒடிந்தது. தோள்கொண்டு மோதினாள், தோள் வலித்தது. அதைக் கண்டு தலைவரின் மீசைக்கடியில் அரும்பியது ஒரு புன்னகை. அடடா, அதை மட்டும் அவர் அடக்கியிருக்கலாம்!

புன்னகையைக் கண்ட மாத்திரத்தில் அவள் கைப்பைக்குள் கைவிட்டு உருவினாள், தன் கத்தரிக்கோலை! துணியன்றி வேறொன்றும் தீண்டா நோன்புடையது அது. மகள் ஒருமுறை அதைக்கொண்டு காகிதம் வெட்டியதற்கு வீட்டையே இரண்டாக்கியவள் இவள். அத்தகைய படைக்கலத்தைப் பெயிண்டின்மேல் வைக்கப் போனவள், திரும்பப் பைக்குள்ளேயே போட்டுவிடத்தான் பார்த்தாள். பிறகு பிள்ளை மூச்சிழுக்கும் சத்தம் நினைவுக்கு வந்தது. கீறினாள்! சுரண்டினாள்! நெம்பினாள்! பெயிண்ட் செதில் செதிலாய் உதிர, முனை மடங்க, சட்டம் அலற, படாரெனத் திறந்தது ஜன்னல்.

வந்தது காற்று! தலைவர் பொறுப்பேற்ற அதே காற்று, அவரைத் தேடியே வந்ததுபோல் மேடையேறி, சட்டையில் கரித்தூள் தூவி, பிஸ்கட் தட்டில் சாம்பல் பரிமாறி, திறந்த வாய்க்குள்ளும் புகுந்தது. கோமகன் இருமினார், கண்ணில் நீர்வர இருமினார், கேடயம் மறந்து, எதிரில் ஒலிபெருக்கி இருப்பதும் மறந்து, மூக்கைப் பொத்தியபடி அலறினார்:

"சாத்துங்கம்மா, சாத்துங்க! மனுஷன் மூச்சு விட வேணாமா?"

மண்டபம் முழுக்க அது எதிரொலித்தது. தையலக்கா ஜன்னலை விட்டு நகரவில்லை.

"அதைத்தாங்கய்யா நாங்களும் கேக்குறோம்."

ஆர்ப்பரித்தது சேனை! கைதட்டலில் மேசைத் தண்ணீர் பாட்டில்கள் உருண்டன! நிலக்கரி வரும் இடத்தை ஊரறியச் சொல்லி, வடிகட்டியும் பொருத்தினாலொழிய அனுமதி கிடையாது என்று இருமலுக்கு இடையே தலைவர் அறிவித்த பிறகே ஜன்னல் சாத்தப்பட்டது. முடிவாகும் வரை நிலையம் வழக்கம்போல் ஓடும் என்பதையும் அவர், சாத்திய பிறகு, தெளிந்த குரலில் சேர்த்துக்கொண்டார். முனைமடங்கிய வாளை உறையிலிட்டு, வாழ்த்தொலி படிக்கட்டெங்கும் முழங்க, வெற்றிவேந்தெனக் கீழிறங்கி, கரும்புகை கவிந்த தன் தெருவினுள் புகுந்தாள் புகழ்ப்பெருந்தேவி.

வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக ஜன்னலைச் சாத்தினாள்.